வாசகர் கேள்விகள்: பல்கலைக்கழக வளாகத்தில் குப்பையைக் குறைப்பது எப்படி?

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு துறைக் கட்டடத்தின் முன்பும் மக்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டியும் மக்காத குப்பைக்கு நீலத் தொட்டியும் வைத்தார்கள். சில மாதங்களிலேயே இரண்டிலும் எல்லாம் கலந்து கிடக்கிறது. மாணவர்களுக்குப் பொறுப்பில்லை என்கிறது நிர்வாகம். இதைச் சரிசெய்ய முடியுமா?
— முதுகலை மாணவர், திருச்சி

பதில்: முடியும். ஆனால் மாணவர்களைக் குறை சொல்வதற்கு முன், குப்பை எடுக்கும் வண்டி வரும் நேரத்தில் அருகில் நின்று பாருங்கள். இரண்டு தொட்டிகளிலும் இருப்பது ஒரே வண்டியில் ஒன்றாகக் கொட்டப்படுமானால் காரணம் அங்கேயே விளங்கிவிடும். தான் பிரித்துப் போட்டது கண்ணெதிரே கலக்கப்படுவதை ஒருமுறை கண்ட மாணவர் மறுமுறை பிரிக்க மாட்டார். அவரைக் குற்றம் சொல்வதும் நியாயமாகாது. ஆகவே விழிப்புணர்வுப் பேரணிக்கும் சுவரொட்டிக்கும் முன்னால் நடுவே தடுப்பு வைத்த வண்டியோ, மக்கும் குப்பையையும் உலர்ந்த குப்பையையும் வெவ்வேறு நேரத்தில் எடுக்கும் ஒழுங்கோ அமைய வேண்டும். உலர்ந்த குப்பை மழையில் நனையாமல் சேர்த்துவைக்க ஒரு கொட்டகையும் வேண்டும்.

இது நிர்வாகம் மனமுவந்து செய்யும் தொண்டு அன்று. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்புடைய நிறுவனங்கள் குப்பையை உருவாகும் இடத்திலேயே பிரிக்க வேண்டும் என்றும், மக்கும் குப்பையைக் கூடியவரை வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்றும் 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லப்பட்டுவிட்டது. மனு எழுதும்போது இதை முதல் பத்தியிலேயே குறிப்பிடுங்கள்.

தொட்டிகளை எப்போதும் இணையாகவே வையுங்கள். தனித்து நிற்கும் தொட்டியில் கையில் இருப்பதையெல்லாம் போட்டுவிட்டுப் போவதே மனித இயல்பு. மூடியும் அவசியம். கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டிய சென்னை ஐஐடி வளாகத்தில் இறந்த மான்கள் சிலவற்றின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்ததை உடற்கூறு ஆய்வு காட்டியது. சோற்று மணம் ஒட்டிய பிளாஸ்டிக் பையை விலங்கு உணவென்றே எடுத்துக்கொள்கிறது என்பதால், உணவும் பிளாஸ்டிக்கும் ஒரே தொட்டியில் விழுவதை எவ்விதத்திலும் அனுமதிக்கலாகாது.

கேள்வி: எங்கள் விடுதி மெஸ்ஸில் தினமும் பெருமளவு உணவு வீணாகிறது. உரத்தொட்டி கட்டினோம், நாற்றம் தாங்காமல் மூடிவிட்டோம். இனி சாண எரிவாயுக் கலனைப் போல ஒன்று அமைத்து உணவுக் கழிவைப் போடலாமா?
— விடுதிக் காப்பாளர், கோவை

பதில்: கலனைப் பற்றி யோசிக்கும் முன் வீணாகும் உணவை இரண்டாகப் பிரித்து எடை போடுங்கள். சமைத்துப் பரிமாறப்படாமல் பாத்திரத்தில் மிஞ்சுவது ஒன்று. தட்டில் வாங்கி உண்ணாமல் கொட்டப்படுவது மற்றொன்று. முன்னதற்கு மாணவர்கள் காரணமல்லர். வெள்ளிக்கிழமை மாலையே பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிட்ட பிறகும் முழு எண்ணிக்கைக்கு உலை வைத்தால் மிஞ்சத்தான் செய்யும். மறுநாள் யார் யார் உண்ணப் போகிறார்கள் என்பதை முந்திய இரவே பதிவு செய்யும் ஏற்பாடு இதைப் பெருமளவு குறைக்கும், அதற்கு ஒரு நோட்டுப் புத்தகமே போதும். பின்னதற்கு, கேட்ட அளவு மட்டும் பரிமாறி, மீண்டும் கேட்டால் முகம் சுளிக்காமல் இடுவதே சிறந்த வழி. இரண்டாம் முறை கிடைக்காது என்ற அச்சத்தில்தான் பலர் முதல் முறையே தட்டை நிரப்பிக்கொள்கிறார்கள். அன்றாடம் கொட்டப்பட்ட எடையைக் கைகழுவும் இடத்தருகே கரும்பலகையில் எழுதிவையுங்கள். எந்த நாளில் எந்தப் பதார்த்தம் அதிகம் மிஞ்சுகிறது என்பதும் அதில் தெரியட்டும், ஏனெனில் சில வேளைகளில் திருத்தப்பட வேண்டியது சமையலே.

நாற்றத்துக்கு வருகிறேன். சோறும் சாம்பாரும் ஈரமும் நைட்ரஜனும் மிகுந்தவை. அவற்றை மட்டும் தொட்டியில் கொட்டினால் காற்று புகாமல் அழுகும். மக்குவதற்கு நைட்ரஜனைப் போல் 25 முதல் 30 மடங்கு கார்பன் தேவை. அந்தக் கார்பன் உங்கள் வளாகத்தில் சருகாகக் கொட்டிக் கிடக்கிறது. பல வளாகங்களில் அதைக் கூட்டிப் பெருக்கி எரித்துவிடுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி, அந்த எரிப்பும் விதிகளுக்குப் புறம்பானது. ஒரு கூடை உணவுக் கழிவுக்கு இரண்டு, மூன்று கூடை சருகு என்று அடுக்கி, வாரம் ஒருமுறையாவது கிளறிவிடுங்கள். கைப்பிடி அளவு எடுத்துப் பிழிந்தால் ஈரம் கசிய வேண்டுமே தவிர நீர் ஒழுகக் கூடாது. குவியலின் உட்புறம் 55 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறினால் அது சரியாக வேலை செய்கிறது என்று பொருள், நாற்றமும் தணியும்.

எரிவாயுக் கலன் நல்லதே. 100 கிலோ உணவுக் கழிவிலிருந்து ஏறத்தாழ 3 முதல் 5 கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஈடான வாயுவைப் பெறலாம். ஆனால் அதற்குள் வாழும் நுண்ணுயிரிகளுக்கு நாள்தோறும் அளவாகத் தீனி வேண்டும். கோடை விடுமுறையில் விடுதி மூடப்பட்டால் அவை பட்டினி கிடக்கும், விழா நாளில் அளவுக்கு மீறிக் கொட்டினால் கலன் புளித்து வாயு நின்றுபோகும். அதை அன்றாடம் கவனிக்க ஒருவரை நியமிக்க இயலாத விடுதிக்கு நான் உரக்குவியலையே பரிந்துரைப்பேன்.

கேள்வி: எங்கள் கேன்டீனில் பிளாஸ்டிக் கப்பை நிறுத்திவிட்டுப் பேப்பர் கப்புக்கு மாறிவிட்டோம். இது போதுமானதுதானே?
— கல்லூரிப் பேராசிரியை, மதுரை

பதில்: போதாது. பேப்பர் கப்பின் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டப்பட்டிருக்கிறது. அதனால் அது எளிதில் மக்குவதுமில்லை, பழைய பேப்பர் கடையில் விலைபோவதுமில்லை. சூடான நீரை 15 நிமிடம் ஊற்றிவைத்தால் 100 மில்லிலிட்டரில் சுமார் 25,000 பிளாஸ்டிக் நுண்துகள்கள் கலப்பதைக் கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தடையில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளைகளும் அடங்கும். எவர்சில்வர் டம்ளருக்கோ கண்ணாடி கிளாசுக்கோ திரும்புங்கள். கழுவ ஆளும் வெந்நீரும் வேண்டும், செலவு கூடும். குத்தகை பேசும்போதே அந்தச் செலவைக் கணக்கில் சேர்த்துவிட்டால் நடத்துபவர் மறுக்க மாட்டார்.

கேள்வி: ஆய்வகத்தில் பழுதான கணினிகள் குவிந்துள்ளன. காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா?
— ஆய்வக உதவியாளர், சேலம்

பதில்: வேண்டாம். செம்புக்காகக் கம்பியை எரிப்பதும் தங்கத்துக்காக மின்சுற்று அட்டையை அமிலத்தில் ஊறவைப்பதும் அங்கு வேலை செய்வோரின் நுரையீரலையும் அப்பகுதி மண்ணையும் கெடுக்கின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் மட்டுமே ஒப்படைத்து ரசீது பெறுங்கள்.

கேள்வி: பிரித்தல், எடை போடுதல் என்று எல்லாம் கடைசியில் தூய்மைப் பணியாளர்களின் தலையில்தானே விழுகிறது?
— இளங்கலை மாணவி, சென்னை

பதில்: இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி. கலந்து வரும் குப்பையைக் கையால் கிளறிப் பிரிப்பவர்கள் அவர்களே; உடைந்த கண்ணாடிக் குழாயும் ஊசியும் குத்துவதும் அவர்களின் கைகளில்தான். நாம் அறையிலேயே பிரித்தால் அந்த வேலை குறையும். பயன்படுத்திய நாப்கினைக் காகிதத்தில் சுற்றித் தனியாக வைப்பதும், உடைந்த கண்ணாடியை அட்டைப்பெட்டியில் இட்டு மேலே எழுதி வைப்பதும் ஒவ்வொருவரும் செய்யக்கூடியவை. உங்கள் மாணவர் பேரவை மேலும் ஒன்றைக் கேட்க வேண்டும்: பிரித்த காகிதத்தையும் பாட்டில்களையும் விற்று வரும் பணம் அவர்களுக்கே சேரும் என்பதும், கையுறையும் காலணியும் நிர்வாகத்தின் செலவில் தரப்படும் என்பதும் அடுத்த ஒப்பந்தத்திலேயே எழுத்தில் இடம்பெற வேண்டும்.