பெருங்குடல் புண்ணுக்கு டிரிப்ஸ்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகனுக்கு வயது 24, எடை 58 கிலோ. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற பெருங்குடல் புண் நோய். ஸ்டீராய்டைக் குறைத்தாலே மறுபடி ரத்தமும் சளியுமாகப் போகிறது. இனி இன்ஃப்ளிக்ஸிமாப் ஏற்றலாம் என்கிறார் மருத்துவர். இது மாத்திரையாகக் கிடைக்காதா? டிரிப்ஸ் போடும் நாளில் என்ன செய்வார்கள்?

பதில்: கிடைக்காது. இன்ஃப்ளிக்ஸிமாப் ஒரு புரதம். விழுங்கினால் வயிறு அதைச் செரித்துவிடும். குடலில் அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற பொருளைப் பிடித்து முடக்குவது இதன் வேலை. இந்த நோய்க்கு மாத்திரையாக வரும் புதிய மருந்துகளும் உண்டு, ஆனால் அவை வேறு வகை.

வழக்கமான அளவு கிலோவுக்கு 5 மி.கி. உங்கள் மகனுக்கு 290 மி.கி. வருகிறது. ஒரு குப்பியில் 100 மி.கி. இருப்பதால் 3 குப்பிகள் தேவை. ஒவ்வொரு முறையும் எடை பார்க்கச் சொல்லுங்கள். நோயில் இளைத்தவர் குணமாகும்போது எடை கூடுவார். பழைய சீட்டில் உள்ள எடையை வைத்தே மருந்து போட்டால் அளவு குறைந்துபோகும்.

ஒவ்வொரு குப்பியிலும் ஊசிக்கான 10 மி.லி. நீரைக் கண்ணாடிச் சுவரோரமாக வழியவிட்டு, மெதுவாகச் சுழற்றிக் கரைப்பார்கள். குலுக்கினால் நுரைத்துவிடும், புரதமும் கெடும். சலைன் பையிலிருந்து 29 மி.லி. எடுத்துவிட்டு, அதே அளவு மருந்துக் கரைசலைச் சேர்த்தால் மொத்தம் 250 மி.லி. குழாயில் 1.2 மைக்ரான் அல்லது அதைவிட நுண்ணிய வடிகட்டி இருக்க வேண்டும். அதே குழாயில் வேறு மருந்து எதுவும் கூடாது. கரைத்த 3 மணி நேரத்துக்குள் ஏற்றத் தொடங்கிவிட வேண்டும்.

முதல் முறை குறைந்தது 2 மணி நேரம் ஆகும். மணிக்கு 10 மி.லி. வேகத்தில் ஆரம்பித்து, கால் மணிக்கு ஒருமுறை 20, 40, 80 என்று கூட்டி, பிறகு 150, 250 வரை கொண்டுபோவது பரவலான முறை. 'சீக்கிரம் முடித்துவிடுங்கள் சிஸ்டர்' என்று அவசரப்படுத்தாதீர்கள். ஒவ்வாமை வந்தால் மிகக் குறைந்த மருந்து உள்ளே போன நிலையிலேயே நிறுத்துவதற்காகத்தான் இந்த நிதானம். முகம் சிவப்பது, அரிப்பு, நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்குவது இவற்றில் எது வந்தாலும் உடனே சொல்ல வேண்டும். லேசானதென்றால் நிறுத்தி, அடங்கிய பின் வேகம் குறைத்துத் தொடர்வார்கள். பி.பி. இறங்கினாலோ தொண்டை அடைத்தாலோ அட்ரினலின் போடுவார்கள். அதன் பிறகு அந்த மருந்து அவருக்கு வேண்டவே வேண்டாம். ஏற்றி முடித்த பிறகும் ஒன்றிரண்டு மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வார்கள்.

கேள்வி: இன்ஃப்ளிக்ஸிமாப் தொடங்கும் முன் மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். வயிற்று நோய்க்கு அது எதற்கு?

பதில்: காசநோய்க் கிருமி உடம்பில் உறங்கிக் கிடக்கும், அதைச் சுற்றிக் காவல் நிற்பதில் டி.என்.எஃப். ஆல்ஃபாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அதை முடக்கினால் கிருமி விழித்துக்கொள்ளும். அதனால்தான் எக்ஸ்ரேயும், மாண்டூ என்ற தோல் பரிசோதனை அல்லது இக்ரா என்ற ரத்தப் பரிசோதனையும். ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கு இந்தச் சோதனைகள் தவறாக 'இல்லை' என்று காட்டக்கூடும். ஸ்டீராய்டு எடுப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஹெபடைட்டிஸ் பி சோதனையும் கட்டாயம். மலத்தில் குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் கிருமி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், அந்தத் தொற்றும் இதே அறிகுறிகளைத் தரும். சின்னம்மை, தட்டம்மை போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளைச் சிகிச்சை தொடங்கிய பின் போடக்கூடாது.

கேள்வி: மூன்று முறை ஏற்றியாயிற்று. இப்போது நாளுக்கு ஒருமுறைதான் மலம் போகிறது, ரத்தமே இல்லை. அடுத்ததைத் தள்ளிப்போடலாமா?

பதில்: வேண்டாம். எங்களுக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், அதிகம் பேர் சிக்கிக்கொள்வதும் இதில்தான். 0, 2, 6 ஆகிய வாரங்களில் போடுவது நோயை அடக்க. அதன் பிறகு 8 வாரத்துக்கு ஒருமுறை போடுவது அடங்கியதை அப்படியே வைத்திருக்க. இடைவெளி நீண்டால் ரத்தத்தில் மருந்து குறையும். அப்போது உடம்பு இந்தப் புரதத்தை அந்நியமாகக் கருதி எதிர்ப்பொருள் தயாரிக்கும். பல மாதம் விட்டுவிட்டு மறுபடி ஏற்றினால் மருந்து வேலை செய்யாமல் போகலாம், ஒவ்வாமையும் கடுமையாகலாம். ஏற்றிய 3 முதல் 14 நாட்களுக்குள் காய்ச்சல், மூட்டுவலி, தடிப்பு என்று தாமதமாகவும் வரும். அதை 'வைரல்' என்று விட்டுவிடாதீர்கள்.

8 வாரம் முடியும் முன்பே அறிகுறிகள் தலைகாட்டினால், மருந்தின் அளவை ரத்தத்தில் பார்க்கலாம். ரத்தத்தை அடுத்த டிரிப்ஸுக்குச் சற்று முன்னால் எடுக்க வேண்டும். ஏற்றிய பின் எடுத்தால் அந்தச் சோதனை வீண். மருந்து குறைவு, எதிர்ப்பொருளும் இல்லை என்றால் அளவைக் கூட்டுவார்கள், அல்லது இடைவெளியைக் குறைப்பார்கள். எதிர்ப்பொருள் நிறைய இருந்தால் மருந்தை மாற்ற வேண்டும். மருந்து போதுமான அளவு இருந்தும் அழற்சி அடங்கவில்லையென்றால், டி.என்.எஃப்.-ஐ முடக்கும் மருந்து வகையை விட்டே வெளியே வர வேண்டியதுதான்.

டிரிப்ஸ் போடும் அன்று காய்ச்சலோ, சளியுடன் இருமலோ, சீழ்க்கட்டியோ இருந்தால் மட்டும் போடும் முன் சொல்லுங்கள். தள்ளிவைக்க அது நியாயமான காரணம்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, முன்பு டி.பி. வந்தவர். வேறு டிரிப்ஸ் உண்டா?

பதில்: வெடோலிஸுமாப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வெள்ளணுக்கள் குடலுக்குள் நுழையும் வழியை மட்டும் இது மறிப்பதால் மற்ற உறுப்புகளின் எதிர்ப்புச் சக்தியை அதிகம் தொடுவதில்லை. எடை எதுவானாலும் 300 மி.கி., அரை மணி நேரம். அட்டவணை 0, 2, 6 வாரங்கள், பிறகு 8 வாரத்துக்கு ஒன்று. இது மெதுவாகத்தான் வேலை செய்யும். 14 வாரம் பார்த்தும் பலன் தெரியாவிட்டால் தொடர்வதில் அர்த்தமில்லை. டி.பி. சோதனை இதற்கும் உண்டு.

கேள்வி: தம்பிக்கு ஒரு நாளில் பத்துமுறைக்கு மேல் ரத்தமாகப் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். ஸ்டீராய்டு டிரிப்ஸ் ஓடுகிறது. எத்தனை நாள் பார்ப்பது?

பதில்: மூன்று நாள். பெரும்பாலும் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி., 6 மணி நேரத்துக்கு ஒருமுறை போகும். மூன்றாம் நாளிலும் எட்டுமுறைக்கு மேல் போனாலோ, 3 முதல் 8 முறை போய், அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனையான சி.ஆர்.பி. 45-க்கு மேல் இருந்தாலோ, ஸ்டீராய்டு மட்டும் போதாது என்று பொருள். இன்ஃப்ளிக்ஸிமாப் அல்லது சைக்ளோஸ்போரின் டிரிப்ஸுக்கு மாறுவார்கள். அறுவை மருத்துவரும் அதற்குள் வந்து பார்த்திருக்க வேண்டும். ரத்தம் போகிறவருக்கு ஏன் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் போடுகிறார்கள் என்று பதறாதீர்கள். இந்த நோய் தீவிரமாகும்போது கால் நரம்பில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. லோபராமைடு போன்ற பேதி நிறுத்தும் மாத்திரையும் டைக்ளோஃபெனாக் வலி ஊசியும் கூடாது. பேதியை அடக்கினால் குடல் உப்பி வெடிக்கும் நிலை வரலாம்.

கேள்வி: இரும்புச்சத்து டிரிப்ஸ் போட்ட கையில் பழுப்புத் தழும்பு. போகுமா?

பதில்: ஊசி நரம்பை விட்டு விலகி மருந்து தோலுக்கடியில் கசிந்திருக்கிறது. மாதக்கணக்கில் இருக்கும், சிலருக்கு நிரந்தரமாகவும் தங்கிவிடும். அடுத்தமுறை வேறு கையில் போடச் சொல்லுங்கள். ஊசி இடத்தில் எரிச்சலோ வீக்கமோ தெரிந்த நொடியே டிரிப்ஸை நிறுத்தச் சொல்லுங்கள்.