கட்டுப் பிரிக்கும் காட்சியில் கேமரா செய்வது

'தி ட்விலைட் ஸோன்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் 1960-இல் வந்த 'ஐ ஆஃப் தி பிஹோல்டர்' என்ற பகுதியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முகத்தை மற்றவர்களைப் போல மாற்றும் சிகிச்சைக்காக, முகம் முழுக்கக் கட்டுடன் மருத்துவமனையில் இருக்கும் ஜேனட் என்ற பெண்ணின் கதை அது. "டாக்டர், நர்ஸ் யார் முகமும் தெரியவில்லை, எல்லாம் இருட்டு. கட்டுரையில் என்ன எழுதுவது?" என்கிறீர்கள். அந்த இருட்டையே எழுதுங்கள்!

இயக்குநர் டக்ளஸ் ஹேய்ஸ் முகங்களை மறைக்கிறார், ஆனால் மறைப்பது உறுத்துவதில்லை. ஒருவர் முதுகைக் காட்டி நிற்பார், இன்னொருவர் பேசிக்கொண்டே நிழலுக்குள் போய்விடுவார். நமக்குக் கிடைப்பது கைகளும் குரலும்தான். குரலில் கனிவு இருப்பதால், நம்மைப் போன்ற ஒரு முகத்தை நாமே பொருத்திக்கொள்கிறோம். கதையே அந்தத் தப்புக்கணக்கில்தான் நிற்கிறது.

கட்டு அவிழும் இடத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கேமரா துணிக்கு உள்ளே போய் ஜேனட்டின் கண்ணாகிவிடுகிறது. சுற்றுச் சுற்றாகத் துணி விலக விலக, வெளிச்சம் கூடுகிறது. எனக்கு இந்தப் பகுதியிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான். அவள் இருக்கும் இடத்தில் நம்மை வைத்த பிறகே அவள் முகத்தைக் காட்டுகிறார்கள், அந்த உலகில் இயல்பாகக் கருதப்படும் டாக்டர், நர்ஸ்களின் பன்றி மூக்கு முகங்கள் அதற்கும் பிறகு. வரிசை மாறியிருந்தால் வெறும் அதிர்ச்சிதான் மிஞ்சியிருக்கும், அவள் படும் பாடு நம்மைத் தொட்டிருக்காது.

லென்ஸ் விவரமெல்லாம் வேண்டாம். ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். யார் எங்கே நிற்கிறார்கள், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு ஷாட்டை ஆழமாக எழுதினாலே கட்டுரைக்குப் போதும்.