அது 'முங்'

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேல்ஸ் நாட்டு ராக் குழுவான சூப்பர் ஃபர்ரி அனிமல்ஸ் 2016க்குப் பிறகு முதல்முறையாக 2026 மே மாதம் மேடையேறுவதாக அறிவித்திருக்கிறார்கள். இது வெறும் ஏக்க வியாபாரமா? அவர்களை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்? அவர்களுடைய 'ம்வங்' (Mwng) தொகுப்பு முழுக்க வெல்ஷ் மொழியில் என்பதால் தள்ளிவைத்துவிட்டேன்.
கே.

அன்புள்ள கே.,

வியாபாரமும்தான். கடைசி ஸ்டுடியோ தொகுப்பு 2009இல் வந்தது. கூட்டம் பழைய பாட்டைத்தான் கேட்கும். கேட்டுவிட்டுப் போகட்டும்.

ஆனால் 'ம்வங்' என்று எழுதியதை விட மனமில்லை. அது 'முங்', பிடரிமயிர். வெல்ஷில் டபிள்யூ உயிரெழுத்தாகவும் வரும்: உ, ஊ. ஒற்றை எஃப் என்றால் வ, இரட்டித்தால்தான் ஃப. ஒரு மாலைப்பொழுதில் எழுத்துக்கூட்டப் பழகிவிடலாம். ஆங்கிலத்தில் அது நடக்குமா?

மெனக்கெட வேண்டியது இரட்டை எல்லுக்குத்தான். 1995இல் வந்த அவர்களுடைய முதல் இ.பி.யின் (குறுந்தொகுப்பின்) தலைப்பு, வேல்ஸின் அந்தப் புகழ்பெற்ற 58 எழுத்து ஊர்ப்பெயரோடு 'விண்வெளியில்' என்பதையும் ஒட்டியது. தொடக்கமான 'லான்வைர்புல்' மட்டும் போதும், பயிற்சிக்கு. நாக்கு நுனியை 'ல' சொல்லுமிடத்தில் அழுத்துங்கள். குரல் வேண்டாம், தொண்டையில் கை வைத்தால் அதிரக் கூடாது. காற்றை நாக்கின் ஓரமாகச் சீறவிடுங்கள். நுனி விலகினால் 'ஷ்' ஆகிவிடும். அடிநாக்கு எழும்பினால் ஆங்கிலேயர் சொல்லும் 'க்ல்'. ழகரம் பழகிய நாக்குக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

அடுத்து, அகராதியில் சொல்லே இல்லை என்பீர்கள். 'முங்'கின் ஆறாவது பாட்டு 'பான் தாவ்ர் வாவ்ர்', விடியல் வரும்போது. 'தாவ்', 'வாவ்ர்' இரண்டையும் அந்தந்த எழுத்தில் தேடினால் கிடைக்காது. 'டாவ்', 'க்வாவ்ர்' என்று தேட வேண்டும். 'பான்' முன்னால் நின்றால் டகரம் இளகி, நம் 'அது'வில் ஒலிக்கும் தகரமாகிறது. விடியல் அங்கே பெண்பால். 'தாவ்ர்' இறுதியில் ஒட்டிய 'ர்', ஆங்கில 'தி' போன்ற சுட்டு. அது முன்னே வந்ததும் 'க்வாவ்ர்' தன் முதல் மெய்யை உதிர்க்கிறது. பகரமும் இப்படித்தான் இளகும். 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள், இரண்டு பகரமும் ஒன்றா? நாம் ஒலியோடு நிறுத்திக்கொள்கிறோம், அவர்கள் எழுத்தையும் மாற்றிவிடுகிறார்கள். இதற்கா பயந்தீர்கள்!

அவர்களுடைய பாடல்களை வெளியிட்டுவந்த கிரியேஷன் நிறுவனம் மூடப்பட்டபின் 2000இல் சொந்த லேபிளில் வெளியிட்ட இத்தொகுப்பு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 11ஆம் இடம் வரை போனது. வெல்ஷ் தெரியாதவர்களும் சேர்ந்து வாங்கியதால்தான்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள், இல்லையா? ஏழாவது பாட்டு, 'அஸ்பைட்யை ஹெய்லோக்'. வானிலை அறிக்கைச் சொல்: விட்டுவிட்டு வெயில். அழுத்தம் எப்போதும் போலக் கடைசிக்கு முந்தைய அசையில்.