ஸ்பெக் ஒரு பக்கம், கோட் ஒரு பக்கம் போகுதா? அன்னோட்டேஷன் எழுதிப் பாருங்க

கேள்வி: எங்க ப்ராஜெக்ட்ல ஸ்பெக் டாக்குமென்ட் (சாஃப்ட்வேர் என்ன செய்யணும்னு எழுதி வச்சது) தனியா இருக்கு, ஜாவா கோட் தனியா இருக்கு, ஆறு மாசத்துல ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லாம போயிடுது. ஜேஎம்எல் அன்னோட்டேஷன், அதாவது ஒவ்வொரு ஃபங்ஷனும் என்ன செய்யணும்னு ஜாவா கோடுக்குள்ளயே எழுதுற குறிப்பு, போட்டா சரியாகுமா, எங்கருந்து ஆரம்பிக்கிறது?

பதில்: பெருமளவு சரியாகும். சாதாரண கமெண்ட் பொய்யாப் போனாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க, ஆனா ஜேஎம்எல்ல எழுதுறதும் கமெண்ட் மாதிரிதான் இருக்கும்னாலும் அதை ஓபன்ஜேஎம்எல் மாதிரி டூல் படிச்சு கோடோட ஒத்துப் பாக்கும், அதுதான் வித்தியாசம். சி மொழியில ஃப்ரேமா-சி, அடா மொழி பக்கம் ஸ்பார்க், எல்லாம் இதே யோசனைதான், 1969ல கணினி விஞ்ஞானி டோனி ஹோர் போட்ட அடித்தளம்.

இது எதுக்கு முக்கியம்னா, 1996 ஜூன் 4 அன்னைக்கு ஏரியான் 5 ராக்கெட் முதல் தடவை கிளம்பி சுமார் 40 செகண்ட்ல சிதறிப்போச்சு. ஏரியான் 4ல ஓடின கோடை அப்படியே எடுத்து வச்சிருந்தாங்க, 64 பிட் எண்ணை 16 பிட்டுக்கு மாத்துற இடத்துல எண் அடங்கல. அந்த எண் சின்னதாவே இருக்கும்னு முன்னாடி ஒரு முடிவு எடுத்திருந்தாங்க, அதுக்கான காரணம் கோட்ல எங்கயும் எழுதப்படலன்னு விசாரணைக் குழுவே சொல்லிச்சு. ஒரு வரி முன்நிபந்தனையா (ஃபங்ஷன் ஓடுறதுக்கு முன்னாடி உண்மையா இருக்க வேண்டியது) இருந்திருந்தா அடுத்து எடுத்தவங்க கண்ணுல பட்டிருக்கும்.

உங்க விஷயத்துக்கு வருவோம். பணம் எடுக்குற ஃபங்ஷன் இருக்குன்னு வைங்க. முன்நிபந்தனை: தொகை பூஜ்யத்துக்கு மேல, இருப்பைத் தாண்டக்கூடாது. பின்நிபந்தனையா (ஃபங்ஷன் முடிஞ்சதும் உண்மையா இருக்க வேண்டியது) நிறைய பேர் 'இருப்பு மைனஸ் ஆகக்கூடாது'ன்னு மட்டும் எழுதிட்டு டூல் பச்சை காட்டினதும் சந்தோஷமா போயிடுறாங்க, ஆனா ஒண்ணுமே செய்யாத ஃபங்ஷன் கூட அந்த நிபந்தனையில பாஸ் ஆயிடும்! 'புது இருப்பு = பழைய இருப்பு கழித்தல் தொகை'ன்னு எழுதணும். வரிசைப்படுத்துற ஃபங்ஷனும் இப்படித்தான், ஏறுவரிசையில இருக்குன்னு மட்டும் சொன்னா போதாது, உள்ள வந்த எண்கள் தொலையாம, மாறாம வெளிய வரணும்னும் சொல்லணும். நீங்க எழுதினதும் கோடும் ஒத்துப்போகுதான்னுதான் டூல் பாக்கும், எழுதினது உங்க தேவைதானான்னு அதுக்குத் தெரியாது. அதனால தயவுசெஞ்சு கோடைப் பாத்து அன்னோட்டேஷன் எழுதாதீங்க, ஸ்பெக்கைத் திறந்து வச்சு அதைப் பாத்து எழுதுங்க, பக்கத்துலயே அந்த ரிக்வயர்மென்ட் நம்பரையும் போட்டுடுங்க, நாளைக்கு ஸ்பெக் மாறினா எந்தெந்த ஃபங்ஷனைத் தொடணும்னு தேடி எடுத்துடலாம்.

மொத்த ப்ராஜெக்டுக்கும் ஒரே நாள்ல போட நினைக்காதீங்க. தப்பானா வலிக்கிற ஒரு மாட்யூல் எடுங்க, முதல்ல முன்நிபந்தனை மட்டும், அதுவும் ரன்டைம்ல, அதாவது ப்ரோக்ராம் ஓடும்போதே, செக் பண்ற மோட்ல, இருக்குற டெஸ்ட்டுகளையே ஓட்டுங்க. ப்ரோக்ராமை ஓட்டாமலே கோட் சரின்னு நிரூபணம் பண்ற மோடுக்கு அப்புறமா போங்க. அங்க லூப் வந்தா ஒவ்வொரு சுத்துலயும் மாறாத உண்மை எதுன்னு நீங்களே கண்டுபிடிச்சு எழுதணும், பழகாதவங்க நின்னுடுற இடம் அதுதான், அதனால லூப் இல்லாத ஃபங்ஷன்லயே முதல் ரெண்டு வாரம் கை பழகிக்கோங்க.