கறுப்பின வாக்காளர்களின் கட்சிப் பற்று: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க அதிபர் தேர்தல்களில் கறுப்பின மக்களில் பத்தில் எட்டு, ஒன்பது பேர் ஜனநாயகக் கட்சிக்கே வாக்களிக்கிறார்கள். இப்படி மொத்தமாக ஒரே பக்கம் சாய்வது பழக்கதோஷம் என்றே எனக்குத் தோன்றுகிறது. வாக்குகளைப் பிரித்துப் போட்டால் இரு கட்சிகளும் அவர்களைத் தேடி வருமே?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

பழக்கதோஷம் என்றால் அவர்கள் இன்றும் குடியரசுக் கட்சிக்கல்லவா வாக்களித்துக்கொண்டிருக்க வேண்டும்? அடிமை முறையை ஒழித்த லிங்கனின் கட்சி அது. 1870இல் பதினைந்தாவது திருத்தம் வழங்கிய வாக்குரிமையைத் தென்மாநிலங்களில் வாக்களிக்கக் கட்ட வேண்டிய தலைவரியாலும் எழுத்தறிவுத் தேர்வாலும் பறித்தவர்கள் ஜனநாயகக் கட்சியினர். பெருமந்தம் என்ற பொருளாதாரச் சரிவு நாட்டை வாட்டிய 1932இலும் கறுப்பின வாக்காளர்களில் பெரும்பான்மையோர் குடியரசுக் கட்சியின் ஹூவர் பக்கமே நின்றார்கள். லிங்கனின் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள், அந்தக் கடன் தீர்ந்துவிட்டது என்று கறுப்பினத்தவரின் பிட்ஸ்பர்க் கூரியர் இதழின் ஆசிரியர் ராபர்ட் வான் தம் மக்களிடம் சொன்னது அந்த ஆண்டில்தான். நான்கே ஆண்டுகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட்டுக்கு வாக்களித்தார்கள்.

நீங்கள் விரும்பும் பிரிவினை அதன் பிறகும் இருந்தது. 1956இல் குடியரசுக் கட்சியின் ஐசனோவருக்கு அவர்களில் ஐந்தில் இருவர் அளவுக்கும், 1960இல் அதே கட்சியின் நிக்சனுக்கு மூன்றில் ஒருவர் அளவுக்கும் வாக்களித்தார்கள். அதை முடித்து வைத்தது 1964. இனப் பாகுபாட்டைத் தடை செய்த அவ்வாண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தை நாடாளுமன்றத்தில் ஆதரித்தவர்களின் விகிதம் ஜனநாயகக் கட்சியைவிடக் குடியரசுக் கட்சியில்தான் அதிகம். ஆயினும் அக்கட்சி அதிபர் வேட்பாளராகத் தேர்ந்தது அச்சட்டத்தை எதிர்த்து வாக்களித்த பேரி கோல்ட்வாட்டரை. அவர் வென்றவை சொந்த மாநிலமான அரிசோனாவும், வெள்ளையர் ஆதிக்கம் உறைந்திருந்த ஐந்து தென்மாநிலங்களும் மட்டுமே. கோல்ட்வாட்டரைத் தேர்ந்த சான்பிரான்சிஸ்கோ மாநாட்டுக்கு, அவரது போட்டியாளர் ராக்கஃபெல்லரின் ஆதரவாளராகச் சென்றிருந்த கறுப்பின பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன், ஹிட்லரின் ஜெர்மனியில் யூதனாக இருப்பது எப்படியிருக்கும் என்பதை அங்கே உணர்ந்ததாகப் பின்னாளில் எழுதினார். அந்த வரியைப் படித்தபின், வாக்கைப் பிரித்துப் போடுங்கள் என்று அம்மக்களுக்கு யோசனை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கொள்கையளவில் அவர்கள் எல்லோரும் இடதுசாரிகளும் அல்லர். தேவாலயத்தோடு ஆழமான பிணைப்புள்ள, குடும்ப ஒழுக்கத்தில் பழமையைப் போற்றுகிற பலர் தங்களை மிதவாதிகள் என்றோ பழமைவாதிகள் என்றோதான் சொல்லிக்கொள்கிறார்கள். தன் இனத்தாருக்கு நேர்வது தனக்கும் நேரும் என்ற உணர்வை அரசியல் அறிஞர் மைக்கேல் டாசன் ‘பிணைந்த விதி’ என்ற பொருளில் விளக்கினார். தனிப்பட்ட கருத்துகளைத் தாண்டி அவர்களை ஒன்றாக நிறுத்துவது அதுதான் என்று நானும் கருதுகிறேன்.

இதற்கு அவர்கள் கொடுக்கும் விலை பெரிது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஒரு கட்சி அவர்களை உறுதியான கணக்கில் வைத்துவிடுகிறது, மற்றது கேட்பதே இல்லை. அதனால் அவர்களின் அதிருப்தி, கட்சி மாறுவதைவிட வாக்குச்சாவடிக்குப் போகாமலிருப்பதாகவே பெரிதும் வெளிப்படுகிறது: 2012இல் 66.6 விழுக்காடாக இருந்த அவர்களின் வாக்குப்பதிவு 2016இல் 59.6 ஆகச் சரிந்தது.

ஆனால் பேரம் நடக்காமல் இல்லை. அது கட்சிக்குள்ளேயே, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலில் நடக்கிறது. 2020இல், முதலில் தேர்தல் நடந்த மாநிலங்களான அயோவாவில் நான்காவதாகவும் நியூ ஹாம்ப்ஷையரில் ஐந்தாவதாகவும் வந்த பைடனைப் பலரும் கைகழுவியிருந்தார்கள். தென்கரோலினாவின் கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர் ஜிம் கிளைபர்ன் அவரை ஆதரிப்பதாக அறிவித்த மூன்றாம் நாள், கட்சியின் வாக்காளர்களில் கறுப்பினத்தவரே பெரும்பங்கு வகிக்கும் அம்மாநிலம் பைடனுக்கு ஏறக்குறைய பாதி வாக்குகளைக் கொடுத்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை தேர்தல் நடந்த 14 மாநிலங்களில் பத்தை அவர் வென்றார்.

அன்புடன்,
ஆசிரியர்