அக்டோபர் 30 முட்டை, அக்டோபர் 31 மிட்டாய்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகனுக்கு 13 வயது, மகளுக்கு 6. போன வாரம், அக்டோபர் 30 இரவு, மகன் நண்பர்களோடு சேர்ந்து எங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியின் வீட்டுச் சுவரிலும் காரிலும் முட்டை வீசியிருக்கிறான். வாசல் மரத்தில் டாய்லெட் பேப்பரையும் சுற்றி விட்டிருக்கிறார்கள். மறுநாள் டோர்பெல் கேமரா வீடியோ தெரு வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. எல்லாரும் முகமூடி போட்டிருந்தாலும் என் மகனின் ஜாக்கெட் எனக்குத் தெரியாதா? கேட்டதும் ஒத்துக்கொண்டான். "எல்லாரும் செய்றதுதாம்மா, சும்மா ஜாலிக்கு" என்கிறான். அந்தப் பாட்டிக்கு யார் செய்தது என்று இன்னும் தெரியாது.

கணவர் கோபத்தில் மறுநாள் ஹாலோவீன் அன்று மகளையும் ட்ரிக் ஆர் ட்ரீட்டுக்கு, அதாவது வேஷம் போட்டு வீடு வீடாய்ப் போய் மிட்டாய் வாங்க, விடவில்லை. வாசல் விளக்கை அணைத்துவிட்டார். வேஷம் போட்டுக்கொண்டு காத்திருந்த குழந்தை அழுதே தூங்கிப்போனாள். "வீடு வீடாய்ப் போய்க் கையேந்துவது நமக்கு எதற்கு? முன்பின் தெரியாதவன் கொடுக்கிற மிட்டாயில் பிளேடும் விஷமும் இருக்குமாம். இனி இந்த வீட்டில் ஹாலோவீனே கிடையாது" என்கிறார். இதெல்லாம் விளையாட்டா, தொல்லையா? மகனை என்ன செய்வது? அடுத்த வருடம் மகளை அனுப்பலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவரின் கோபம் நியாயமானது. ஆனால் இரண்டு வேறு இரவுகளுக்குச் சேர்த்து ஒரே தடையைப் போட்டுவிட்டார். 31ஆம் தேதி மாலை பிள்ளைகள் வாசல் விளக்கு எரிகிற வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும். அணைந்திருந்தால் பேசாமல் தாண்டிப் போக வேண்டும். அந்த விளக்குதான் வீட்டுக்காரரின் சம்மதம். வேண்டாம் என்கிறவர் விளக்கை அணைத்துவிட்டு நிம்மதியாக உள்ளே இருக்கலாம். உங்கள் மாநிலத்தில் மிஸ்சிஃப் நைட் (குறும்பு இரவு) என்று சொல்கிற 30ஆம் தேதி இரவில் அப்படி ஒதுங்கிக்கொள்ள வழியே இல்லை. முட்டை விழுந்த பிறகுதான் வீட்டுக்காரருக்கே தெரியும். அதனால் 31ஆம் தேதி நடப்பது விளையாட்டு, 30ஆம் தேதி நடப்பது தொல்லை. இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

வாசலில் மிட்டாய் வாங்குவதைக் கையேந்துவது என்று நினைக்க வேண்டாம். 1920, 30களில் அமெரிக்க ஊர்களில் ஹாலோவீன் குறும்பு சொத்துச் சேதம் வரைக்கும் போனபோது, பையன்களை வழிக்குக் கொண்டுவர ஊர்ச் சங்கங்கள் விருந்து வைத்தன, வீட்டுக்காரர்கள் தின்பண்டம் கொடுத்தார்கள். மிட்டாய் வழக்கம் பரவ அது ஒரு முக்கியக் காரணம். போர்க்காலச் சர்க்கரைப் பங்கீடு 1947இல் முடிந்த பிறகு அது நாடு முழுக்க நிலைத்தது. குறும்பு சில ஊர்களில் முந்தின இரவுக்கு நகர்ந்து தங்கிவிட்டது. டெட்ராய்ட்டில் 1984 ஹாலோவீன் நாட்களில் மட்டும் 800க்கும் மேற்பட்ட இடங்களில் தீ வைக்கப்பட்டது. "சும்மா ஜாலி" எங்கே போய் நிற்கும் என்பதற்கு அந்த ஊர் சாட்சி.

இனி உங்கள் மகன். எட் டீனர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் சியாட்டிலில் 27 வீடுகளில் ஹாலோவீன் இரவன்று நடத்திய ஓர் ஆய்வு 1976இல் வெளியானது. வந்த பிள்ளைகள் 1,300க்கும் மேல். "ஆளுக்கு ஒரு மிட்டாய்தான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் உள்ளே போய்விடுவார். ஒளிந்திருக்கும் ஒருவர் கவனிப்பார். தனியாக வந்து, பெயரும் முகவரியும் சொல்லிய பிள்ளைகளில் 7.5 சதவீதம் பேர்தான் கூடுதலாக எடுத்தார்கள். கும்பலாக, பெயர் சொல்லாமல் வந்தவர்களில் 57.2 சதவீதம் பேர் எடுத்தார்கள். இவர்கள் கெட்ட பிள்ளைகள், அவர்கள் நல்ல பிள்ளைகள் என்று இல்லை. முகம் மறைந்து, பெயர் மறைந்து, பக்கத்தில் நாலு பேர் சிரித்தால் "நான்தான் செய்கிறேன்" என்ற உணர்வு கரைந்துவிடுகிறது. அதிலும் 13 வயதில், நண்பர்கள் பார்க்கிறார்கள் என்றாலே துணிச்சல் கூடிவிடும். இது உங்கள் மகன் செய்ததற்குச் சமாதானம் ஆகாது. மருந்து எங்கே இருக்கிறது என்று காட்டுகிறது, அவ்வளவுதான்: அவனை மறுபடி பெயரும் முகமும் உள்ள ஆளாக அந்த வாசலில் நிறுத்த வேண்டும்.

இந்த வார இறுதியிலேயே, பகல் வெளிச்சத்தில் போங்கள். இருட்டிய பிறகு போனால் கதவு தட்டும் சத்தத்திலேயே அந்தப் பாட்டி நடுங்கிப்போவார். அவருக்குக் கறையைவிடப் பெரிய பாதிப்பு அதுதான்: யார், எதற்கு, மறுபடி வருவார்களா என்று தெரியாமல் ஒவ்வொரு இரவும் காது கொடுத்துக்கொண்டு படுத்திருப்பது. நீங்களோ உங்கள் கணவரோ பக்கத்தில் நில்லுங்கள், பேச வேண்டியது மகன். "முப்பதாம் தேதி ராத்திரி உங்கள் வீட்டில் முட்டை வீசியது நான்தான். பயமுறுத்திவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்து தரவா?" இது போதும். "ஆனால்", "அவங்களும்தான்" என்ற சொற்கள் வரக் கூடாது. வீட்டிலேயே ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும். பாட்டி மன்னிக்காமல் கதவைச் சாத்தினாலும் அது அவர் உரிமை என்று முன்கூட்டியே மகனிடம் சொல்லிவையுங்கள். கதவைச் சாத்திவிட்டால், நஷ்டத்தைக் கட்டத் தயார் என்று எழுதி, உங்கள் போன் நம்பரையும் போட்டு, கதவிடுக்கில் செருகிவிட்டு வாருங்கள்.

சுத்தம் செய்யச் சொன்னால் வாளி, பாத்திரம் கழுவும் சோப்பு, மென்மையான பிரஷ், பழைய துண்டுகள் எடுத்துப் போகட்டும். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் முட்டை வெந்து இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். சுவரில் கறையை நனைத்துச் சில நிமிடம் ஊறவிட்டுத் தேய்க்க வேண்டும். ஒரு வாரம் காய்ந்த கறை அதற்கும் போகாவிட்டால், வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஓர் ஓரத்தில் தடவிப் பார்த்துவிட்டுப் பயன்படுத்தலாம். காரில் பிரஷே வேண்டாம். முட்டை ஓட்டுத் துண்டுகள் பெயிண்டின் மேல்பூச்சைக் கீறிவிடும். ஈரத் துண்டைப் போர்த்தி ஊறவைத்து, ஓட்டுத் துண்டுகளை எடுத்துவிட்டு, அழுத்தாமல் துடைக்க வேண்டும். ஒரு வாரம் ஆகிவிட்டதால் தடம் நிற்கலாம். கடையில் பாலிஷ் போட ஆகும் செலவில் ஒரு பங்கை மகன் தன் கைக்காசிலிருந்தோ வீட்டு வேலை செய்தோ தரட்டும். முழுதையும் நீங்களே கொடுத்துவிட்டால் அவனுக்கு அந்தக் கணக்கு ஒட்டாது. மரத்தில் பேப்பர் மிச்சம் இருந்தால் காய்ந்திருக்கும்போதே நீளக் கம்பால் இழுக்க வேண்டும். மழை பட்டால் கூழாகிக் கிளையில் அப்பிக்கொள்ளும்.

சட்டத்தையும் அவனிடம் மறைக்க வேண்டாம். நியூ ஜெர்சியில் வேண்டுமென்றே பிறர் சொத்தைச் சேதப்படுத்துவது குற்றம். நஷ்டம் 500 டாலரைத் தாண்டினால் பிரிவே கடுமையாகிவிடும். கார் பெயிண்ட் என்றால் அந்தத் தொகை தூரத்தில் இல்லை. மிரட்டாமல், தகவலாக மட்டும் சொல்லுங்கள்.

மற்ற பையன்களின் பெற்றோருக்கு நீங்களே போன் செய்யுங்கள். மகனைக் காட்டிக்கொடுக்க வைக்காதீர்கள். "என் மகன் செய்ததைச் சொல்ல வந்தேன், உங்கள் பிள்ளையிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்" என்றால் போதும். வாட்ஸ்அப் குழுவில் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. பாட்டியிடம் நேரில் சொன்ன பிறகு, "எங்கள் பக்கம் பேசித் தீர்த்துவிட்டோம்" என்று ஒரு வரி போடுங்கள். தெருவே சேர்ந்து ஒரு 13 வயதுப் பிள்ளையை விசாரிக்கத் தேவையில்லை.

உங்கள் மகளை நினைத்தால்தான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அண்ணன் தப்புக்குத் தங்கைக்குத் தண்டனை என்று அவள் மனதில் பதிந்திருக்கும். அப்பாவே அவளிடம் "உன்மேல் கோபமில்லை, உன்னை விட்டிருக்கணும்" என்று சொல்வது நல்லது.

விஷ மிட்டாய் பயத்தைப் பொறுத்தவரை, ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் பல பத்தாண்டுச் செய்திகளைத் தேடிப் பார்த்தார். முன்பின் தெரியாதவர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயால் குழந்தை இறந்ததாக உறுதியான ஒரு சம்பவமும் அவருக்குக் கிடைக்கவில்லை. எல்லாரும் சொல்லும் 1974 டெக்சாஸ் சம்பவத்தில் மகனுக்கு விஷம் வைத்தவர் பெற்ற தகப்பனே. உண்மையான ஆபத்து சாலையில் இருக்கிறது. 1975 முதல் 2016 வரையிலான விபத்துகளை ஆராய்ந்ததில், ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் வாகனம் மோதி இறக்கும் அபாயம் அதை ஒட்டிய மற்ற மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. அதிலும் 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்குத்தான் மிக அதிகம்; உங்கள் மகளும் அந்த வயதுதான். அதனால் பார்வையை மறைக்கும் முகமூடிக்குப் பதில் முகத்தில் வண்ணம், கணுக்காலுக்கு மேல் நிற்கிற உடை, முதுகிலும் மிட்டாய்ப் பையிலும் ஒளி பிரதிபலிக்கும் டேப், கையில் டார்ச். தெருவின் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு முனையில் கடந்து மறுபக்கம் வாருங்கள். குறுக்கே ஓட விடாதீர்கள். உறை பிரிந்திருக்கும் மிட்டாய்களைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். நீங்கள் சைவம் என்றால் அங்கே விற்கிற ஸ்டார்பர்ஸ்ட்டில் ஜெலட்டின் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) உண்டு, ஸ்கிட்டில்ஸில் இல்லை. கேண்டி கார்ன், மார்ஷ்மெல்லோ வகைகளிலும் பெரும்பாலும் இருக்கும்.

மகனின் வயதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மிட்டாய் வாங்கப் பெரியவன், பார்ட்டிக்குச் சின்னவன். வர்ஜீனியாவில் செசபீக் என்ற ஊர் 12 வயதுக்கு மேல் ட்ரிக் ஆர் ட்ரீட் கூடாதென்று 1970இல் சட்டமே போட்டது. 2019இல்தான் வரம்பை 14 ஆக்கினார்கள். கதவு சாத்தப்பட்ட அந்த வயதைத்தான் முட்டை இரவு இழுத்துக்கொள்கிறது. அடுத்த அக்டோபர் 31 அன்று தங்கையை அழைத்துப் போகும் பொறுப்பு அவனுடையதாக இருக்கட்டும், நீங்கள் பத்தடி பின்னால் நடந்தால் போதும். 30ஆம் தேதிக்கு அதே நண்பர்களை உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள்: பீட்சா, ஆளுக்கொரு பூசணி, செதுக்கக் கத்தி, உள்ளே வைக்க மெழுகுவர்த்திக்குப் பதில் பேட்டரி விளக்கு. பத்து மணிக்கு அவரவர் பெற்றோர் வந்து அழைத்துப் போகட்டும்.