சிங்கப்பூரில் ஒருவர் காணாமல்போய் ஆண்டுக்கணக்காகியும் கிடைக்காவிட்டால் குடும்பத்துக்கு என்ன ஆகும்?

முதலில் சட்டம். உறவினர், நண்பர் யாருக்கும் 7 ஆண்டுகளாக எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் இறந்துவிட்டதாகக் கருதும்படி குடும்பம் நீதிமன்றத்தை நாடலாம். அதுவரை மத்திய சேமநிதிப் பணம் கைக்கு வராது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு இருவர் பெயரில் இருந்தால் விற்கவும் முடியாது, கையெழுத்துப் போட ஆள் இல்லையே!

சட்டத்தைவிடக் கஷ்டமானது வீட்டுக்குள் நடப்பது. நம் வீடுகளில் மனைவி பொட்டு வைப்பதா வேண்டாமா, திதி எந்த நாளில் கொடுப்பது என்று யாராலும் சொல்ல முடியாது. மனு போடுவதையே அம்மா துரோகமாக நினைப்பார். மகன் தவணைக் கடனைப் பற்றிக் கவலைப்படுவான். இரண்டு பேர் மேலும் தப்பில்லை. தயவுசெய்து உறவினர்கள் “இன்னும் எத்தனை நாள் காத்திருப்பீங்க?” என்று கேட்காதீர்கள்.

1986 மே மாதம் காணாமல்போன 12 வயது மாணவர்கள் இருவர் இன்றுவரை கிடைக்கவில்லை. மெக்டோனல்ட்ஸ் 1,00,000 வெள்ளி சன்மானம் அறிவித்தும் பலனில்லை. ஆனால் 2007இல் காணாமல்போன ஓர் இளம்பெண்ணின் வழக்கில் 2020இல் ஒருவர் கைதானார். அதனால் பழைய படங்கள், கடைசிக் குறுஞ்செய்திகள் எதையும் அழித்துவிடாதீர்கள். அப்புறம், புகார் கொடுக்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்லை, உடனே போலீசுக்குப் போங்கள்.